கொல்லிமலைக்குப் போன சைக்கிளும் ஹேங்கரில் இருந்த கோட்டமும்

எதிர் வீட்டுத் தம்பி சென்னையில் படிப்பை முடித்துக்கொண்டு நாமக்கல் திரும்பியபோது சைக்கிளையும் ஆம்னி பஸ்ஸின் டிக்கியில் போட்டு எடுத்து வந்தான். மலைப்பாதையில் ஓட்டுவதற்கான சைக்கிள். 27.5 அங்குல வீல், முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் ஒன்பது. கேசட் என்று சொல்லும் அந்தப் பின் அடுக்கு 11 பல் சக்கரத்தில் தொடங்கி 36 பல் சக்கரத்தில் முடியும். ஊருக்கு வந்த வாரமே காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறப் போனான். அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். நாலைந்து வளைவு தாண்டி 36-க்குப் போட்டதும் பின்வீலில் டிக், டிக் என்று ஒரு சத்தம். பயந்துபோய்த் திரும்பிவிட்டான்.

அந்த டிக் சத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று வாரம் நான் உட்பட யாருமே அதற்கு உரிய கவனம் கொடுக்கவில்லை.

முதலில் காட்டிய கடையில், பின் கியரை மாற்றும் ஆர்டியில் இருந்த ஒரு திருகைத் திருகினார்கள். சத்தம் நின்றது. கூடவே 36-க்கு ஏறுவதும் நின்றது. அப்புறம் கேபிள் பழசு என்று கேபிளையும், பின்பக்கம் வளைந்து வரும் அதன் உறையான அவுட்டர் துண்டையும் மாற்றினார்கள். அதற்குப் பிறகு நடுவில் இருக்கும் கியர்களும் கெட்டன. இரண்டாவது கடையில், ஆர்டியே போய்விட்டது, புதுசுதான் போட வேண்டும் என்றார்கள். ஆர்டி என்று நாம் சொல்வது பின் டிரெய்லியரை. கேசட்டுக்குக் கீழே தொங்கிக்கொண்டு, இரண்டு குட்டிச் சக்கரங்களில் செயினைப் பிடித்து, ஒரு பல்லிலிருந்து, அதாவது ஒரு பல்சக்கரத்திலிருந்து, அடுத்ததற்குத் தள்ளிவிடும் கை அது.

புது ஆர்டி வாங்குவதற்கு முன் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று என்னிடம் கொண்டுவந்தான்.

“பெரிய பல்லுக்கு ஏத்துற மாதிரி வெச்சா, திரும்பச் சின்னதுக்கு இறங்க மாட்டேங்குதுங்ணா. இறங்குற மாதிரி வெச்சா ஏற மாட்டேங்குது. நானும் ரெண்டு நாளா அந்த உருளையத் திருகிக்கிட்டே இருக்கேன்.”

உருளை என்று அவன் சொன்னது கேபிள் முனையில் கையால் திருகும் பேரல் அட்ஜஸ்டரை. கியர் சரியாக விழவில்லை என்றால் எல்லோரும் முதலில் கை வைப்பது அதில்தான். அவன் சொன்ன இந்த இரண்டு வரியைக் கேட்டதுமே, குறை அந்த உருளையால் தீராது என்று தெரிந்துவிட்டது. ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன்.

ஆர்டியை இரண்டு பக்கமும் இரண்டு பேர் இழுக்கிறார்கள். பெரிய பல்லை நோக்கி இழுப்பது கேபிள். அதாவது நம் கட்டைவிரலின் பலம். சின்னப் பல்லை நோக்கித் திருப்பி இழுப்பது ஆர்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங். அதன் பலம் கொஞ்சம்தான். ஷிமானோ 9 ஸ்பீடில், ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் ஷிஃப்டரை ஒரு க்ளிக் தட்டினால் சுமார் 2.5 மி.மீ. கேபிள் இழுபடும். ஆர்டி அதை ஏறக்குறைய 1.7 மடங்காக்கிப் பக்கவாட்டில் நகரும். ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள தூரம் 4.34 மி.மீ. ஆக, கேபிள் போகும் வழியில் எங்காவது அரை மி.மீ. தொலைந்தால் போதும், ஆர்டி முக்கால் மி.மீ.க்கு மேல் தள்ளி நிற்கும். பல்லிடைத் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. செயின் அடுத்த பல்லை உரச ஆரம்பிக்க அது போதும்.

க்ளிக் இல்லாத பழைய லீவர் காலத்தில் இவ்வளவு நுணுக்கம் தேவைப்படவில்லை. செயின் உரசினால் ஓட்டுபவரே லீவரை இம்மியளவு தள்ளிச் சரிசெய்துகொள்வார். 1984-இல் ஷிமானோ தன் டுரா-ஏஸ் செட்டில் எஸ்.ஐ.எஸ். என்ற க்ளிக் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் க்ளிக் பரவலானது. அதிலிருந்து கேபிளும் ஆர்டியும் அது தொங்கும் ஹேங்கரும் சொன்ன இடத்தில் நின்றாக வேண்டும். சின்னக் கோணலைக் கையால் சமாளித்து ஓட்டும் வசதி போய்விட்டது.

பின் கியர் கோளாறு எதுவானாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். எப்போது கெடுகிறது? எல்லாக் கியரிலும், ஏறும்போது மட்டும், ஒரே மாதிரி தாமதம் என்றால் கேபிள் தளர்ந்திருக்கிறது. இறுகியிருந்தால் இதுவே தலைகீழாக நடக்கும். இரண்டுக்கும் உருளை போதும், ஏனென்றால் உருளை ஒன்பது இடத்தையும் ஒரே அளவு நகர்த்தும். ஏறும்போது சரியாக வந்து இறங்கும்போது சிக்கினால், அல்லது நம் தம்பி சொன்ன மாதிரி ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டால், கேபிள் எங்கோ உரசுகிறது. கட்டைவிரல் அந்த உரசலை வென்றுவிடும், ஸ்பிரிங்கால் முடியாது. மூன்றாவது, கேசட்டின் ஒரு முனையில் சரியாக இருந்து மறுமுனையில் கெடுவது. அங்கே ஹேங்கரைச் சந்தேகப்பட வேண்டும். கோட்டம் விழுந்தால் பல்லுக்குப் பல் பிசகின் அளவு மாறும், உருளையால் அதை ஈடுகட்ட முடியாது.

முதல் நாள் மாலை நான் இரண்டாவது வகையை எடுத்துக்கொண்டேன். அதில் தப்பில்லை. மூன்றாவது வகையும் கூடவே இருக்கலாம் என்று யோசிக்காததுதான் தப்பு.

ஸ்டாண்டு என்னிடம் கிடையாது. வாசல் வேப்ப மரக் கிளையில் கயிறு கட்டி சீட்டைத் தொங்கவிட்டால் பின்வீல் தரையை விட்டு எழும்பி நிற்கும். முதலில் வீல் ஆக்சில் ஃபிரேமின் பள்ளத்தில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். உட்கார்ந்திருந்தது. செயினில் 24 கண்ணியை அளந்தேன். புதுசில் 304.8 மி.மீ. இருக்க வேண்டியது 305.5 இருந்தது. கால் சதவீதம்கூட நீளவில்லை. 9 ஸ்பீடு செயினை 0.75 சதவீதம் வரை ஓட்டலாம். இறுகிப்போன கண்ணி இருக்கிறதா என்று பின்னால் சுற்றிப் பார்த்தேன், இல்லை. இறுகிய கண்ணி இருந்தால் செயின் ஒரு முழுச் சுற்று வரும்போதெல்லாம் ஒரு தத்தல் தெரியும். 110 கண்ணிச் செயின், முன்னால் 36 பல் என்றால் சுமார் மூன்று மிதிக்கு ஒரு தடவை.

ஆர்டியின் மேல் குட்டிச் சக்கரம் பக்கவாட்டில் லேசாக ஆடியது. இரண்டாவது கடையில் ஆர்டி போச்சு என்று சொன்னதற்கு இந்த ஆட்டத்தைத்தான் காட்டினார்களாம். ஷிமானோ அந்தச் சக்கரத்தை வேண்டுமென்றேதான் ஆட விட்டிருக்கிறது. கேபிள் இம்மியளவு பிசகினாலும் சக்கரம் தானே நகர்ந்து பல்லுக்கு நேரே வந்து நிற்பதற்காக. கீழ்ச் சக்கரத்துக்கு அந்த ஆட்டம் கிடையாது. ஆர்டியைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். மூட்டுகள் கெட்டியாக இருந்தன. நல்ல ஆர்டி.

அடுத்து கேபிள். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. பெடலைச் சுற்றி 36-க்கு ஏற்றிவிட்டு, பெடலை நிறுத்திவிட வேண்டும். வீல் சுற்றாத நிலையில் ஷிஃப்டரை மட்டும் கடைசி வரை தட்டி இறக்கினால் கேபிள் தொளதொளவென்று ஆகிவிடும். இப்போது ஃபிரேமில் இருக்கும் பிடிகளிலிருந்து அவுட்டரைக் கையாலேயே வெளியே எடுத்துவிடலாம். எதையும் கழற்ற வேண்டாம். ஒவ்வொரு அவுட்டர் துண்டையும் கேபிளின் மேல் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன். ஹேண்டில்பார் பக்கத்துத் துண்டு வெண்ணெய் மாதிரி ஓடியது. ஆர்டிக்குள் போகும் கடைசித் துண்டு, கடையில் புதிதாகப் போட்டது, நறநறவென்று பிடித்துப் பிடித்து நகர்ந்தது.

முனையைப் பார்த்தேன். சுருள் கம்பி. அது கியர் அவுட்டர் இல்லை, பிரேக் அவுட்டர்!

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்புக் குழாய். உள்ளே வேறு. பிரேக் அவுட்டரில் தட்டைக் கம்பி ஸ்பிரிங் மாதிரி சுற்றி வந்திருக்கும். 5 மி.மீ. தடிமன். கியர் அவுட்டரில் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் நேராக ஓடும். பெரும்பாலும் 4 மி.மீ. தடிமன். சுருள் கம்பி இழுவிசையில் கொஞ்சம் அமுங்கும், வளைந்தால் நீளம் மாறும். பிரேக்கில் அது தெரியாது. அரை மி.மீ. கணக்குப் பார்க்கும் கியரில் அதுவே முழுக் கோளாறாகிவிடும். போதாததற்கு முனையைச் சாதாரண குறடால் வெட்டியிருந்தார்கள். வாய் நசுங்கி, கேபிளைச் சுரண்டிக்கொண்டிருந்தது. முனைத் தொப்பியும் இல்லை. இதைப் படிப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கியருக்குப் பிரேக் அவுட்டர் போட்டால் கியர்தான் கெடும். கேபிள் பிரேக்குக்குக் கியர் அவுட்டர் போட்டால், அழுத்திப் பிடிக்கும்போது உள்ளே இருக்கும் நேர்க்கம்பிகள் பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரலாம். மலை இறக்கத்தில் அது உயிருக்கே ஆபத்து.

கியர் அவுட்டர் ஒரு துண்டு வெட்டி, வாயை ஊசியால் திறந்து வட்டமாக்கி, இரண்டு பக்கமும் தொப்பி மாட்டிப் போட்டேன். கடையில் உள்ளே திருகி வைத்திருந்த எல் திருகைத் தளர்த்தி 36-க்கு வழி விட்டேன். மரத்தில் தொங்கிய நிலையில் ஒன்பது கியரும் சொன்னபடி ஏறின, இறங்கின. தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவனுடன் காரவள்ளிக்குப் போனேன்.

முதல் பத்து வளைவு அருமையாகப் போனது. அதற்கு மேல் சரிவு கூடக் கூட, 26 பல்லிலும் 30 பல்லிலும் செயின் கடகடவென்று பேச ஆரம்பித்தது. 11, 13, 15 எல்லாம் சுத்தம். உருளையைக் கால் சுற்று திருகினான். 30 அடங்கியது, 15 உரசியது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஒரு வளைவில் எழுந்து நின்று மிதித்தபடி 36-க்குத் தட்டினான்.

டிக், டிக், டிக்.

“மிதிக்காத! அப்படியே நிறுத்து!” என்று கத்தினேன்.

ஆர்டியின் குட்டிச் சக்கரங்களைப் பிடித்திருக்கும் கூண்டு பின்வீலின் போக்ஸ் கம்பியைத் தொடும் சத்தம் அது. மரத்தில் தொங்கும்போது கூண்டுக்கும் கம்பிக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தது. எழுந்து நின்று பலம் கொடுத்தபோது வீலும் ஃபிரேமும் லேசாக நெளிந்து அந்த இடைவெளியை விழுங்கிவிட்டன. இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் கூண்டு கம்பிகளுக்குள் மாட்டி, வீல் அதைச் சுற்றி இழுத்து, ஆர்டியும் ஹேங்கரும் போக்ஸ் கம்பியும் ஒரே நொடியில் போயிருக்கும். ஆளும் விழுந்திருப்பான். முதல் கடையில் அந்தச் சத்தத்தை நிறுத்தியது ஆபத்தைத் தள்ளிப்போட்டது. நான் எல் திருகைத் தளர்த்தியபோது அதைத் திரும்பக் கூட்டி வந்துவிட்டேன்.

எல் திருகின் வேலை, ஆர்டி பெரிய பல்லைத் தாண்டி உள்ளே போகாமல் தடுப்பது. ஆனால் அது ஆர்டிக்குள்ளேயே இருக்கும் தடுப்பு. ஆர்டி தொங்கும் ஹேங்கரே உள்பக்கம் சாய்ந்துவிட்டால் தடுப்பும் சேர்ந்து உள்ளே போய்விடும். வாசலில் பூட்டு சரியாக இருக்கிறது, வாசலே நகர்ந்துவிட்டது.

இறங்கி வந்து அவனிடம் கேட்டேன், “பஸ்ல எந்தப் பக்கம் படுக்க வெச்சீங்க?”

கொஞ்சம் யோசித்தான். “செயின் இருக்கிற பக்கம் கீழங்ணா. மேல ரெண்டு பெரிய பெட்டி வெச்சாங்க.”

சரி, இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

ஹேங்கர் என்பது ஃபிரேமின் பின்முனையில், ஆக்சிலுக்குக் கீழே, தனியாகத் திருகி மாட்டியிருக்கும் சின்ன அலுமினியத் துண்டு. அதை மென்மையாகச் செய்வதே, அடிபட்டால் ஃபிரேமுக்குப் பதில் அது வளையட்டும் என்றுதான். வலது பக்கம் படுக்க வைத்து மேலே பாரம் ஏற்றினால் ஆர்டி அமுங்கி ஹேங்கர் உள்ளே சாயும். முதல் நாள் பின்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு நேராகத்தான் தெரிந்தது. ஒன்றரை டிகிரிக்குக் குறைந்த சாய்வைக் கண்ணால் நம்பிச் சொல்ல முடியாது, கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கென்று ஹேங்கர் கேஜ் உண்டு. நாமக்கல்லில் எனக்குத் தெரிந்து யாரிடமும் இல்லை. அதற்கு மாற்றாக ஒரு வழி செய்தோம். குவிக் ரிலீஸ், அதாவது லீவரைத் திருப்பியே கழற்றும் அமைப்பு, வைத்த பின்வீல்களில் பெரும்பாலும் ஆக்சிலின் மரை 10 மி.மீ. தடிமன், 1 மி.மீ. புரி. ஹேங்கர் ஓட்டையின் மரையும் அதேதான். ஆக, இன்னொரு சைக்கிளின் பின்வீலை ஹேங்கரிலேயே திருகி மாட்டிவிடலாம். இரண்டு வீலும் அடுத்தடுத்து நிற்கும். ஹேங்கர் நேராக இருந்தால் இரண்டு ரிம்மும் இணையாக இருக்கும்.

என் சைக்கிளின் பின்வீலைக் கழற்றினேன். அதுவும் 27.5 தான். டயரை உருவி, டிஸ்க்கையும் குவிக் ரிலீஸ் கம்பியையும் எடுத்துவிட்டேன். ரிம்மில் கோட்டம் இல்லை, பேரிங்கில் ஆட்டம் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் அளவு பொய்யாகிவிடும். அவனுடைய சைக்கிளில் செயினைத் தளர்த்தி, ஆர்டியைக் கழற்றித் துணியில் சுற்றிக் கட்டினோம். கிராங்கை முன்பக்கம் திருப்பி வைத்தோம், இல்லாவிட்டால் மாட்டும் வீலில் இடிக்கும். என் வீலின் இடது முனையை ஹேங்கர் ஓட்டையில் வைத்து விரலாலேயே திருகினேன். மரை குறுக்கே ஏறாமல் சுலபமாகப் போனது. ஹேங்கரின் மரை பிழைத்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

ஸ்கேல் எடுத்து இரண்டு ரிம்முக்கும் நடுவே அளந்தேன். மேலே 126 மி.மீ. கீழே 112. முன்னும் பின்னும் பார்த்தால் 5 மி.மீ. வித்தியாசம். இரண்டு ரிம்மையும் அரைச் சுற்று திருப்பி மறுபடி அளந்தேன். அதே கணக்கு. ரிம்மின் நெளிவு இல்லை, ஹேங்கரின் கோட்டம்தான்.

மேலும் கீழும் 14 மி.மீ. வித்தியாசம் என்றால் இந்த அளவு வீலில் சுமார் 1.3 டிகிரி. பொதுவாக 4 மி.மீ. வரைதான் பொறுத்துக்கொள்ளலாம். 1.3 டிகிரிதானே என்று தோன்றும். ஆர்டியின் கூண்டு முனை ஹேங்கரிலிருந்து முக்கால் சாண் கீழே தொங்குகிறது. அங்கே அது ஏறக்குறைய 4 மி.மீ., அதாவது ஒரு முழுப் பல்லிடைத் தூரத்துக்குப் பக்கத்தில். குட்டிச் சக்கரங்களும் பல்லுக்கு இணையாக இல்லாமல் சாய்ந்து நிற்கும். செயின் நேராக ஏறாமல் பக்கவாட்டில் உரசிக்கொண்டே ஏறும்.

நேராக்குவதற்கும் அந்த வீலேதான் நெம்புகோல். வெளி ரிம்மின் அடிப்பக்கத்தைப் பிடித்து மெதுவாக வெளியே இழுத்தேன். தம்பி ஃபிரேமைப் பிடித்துக்கொண்டான். அலுமினியம் முதலில் நெளிந்து, விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பும். இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் ஒரு இடத்தில் கையில் ஒரு தளர்வு தெரியும். அங்கேதான் உண்மையில் வளைகிறது. ஒரு இழுப்பு, ஒரு அளவு. மறுபடி ஒரு இழுப்பு, ஒரு அளவு. அவசரப்பட்டு ஒரேயடியாக இழுத்து, அந்தப் பக்கம் போய், திரும்ப இந்தப் பக்கம் வளைத்தால் அலுமினியத்தில் விரிசல் விடும். ஆறாவது இழுப்பில் மேலே 120, கீழே 117 வந்தது. முன்னும் பின்னும் 2. அங்கேயே நிறுத்திவிட்டேன். அந்த 3 மி.மீ.யையும் எடுக்கலாம் என்று தம்பி ஆசைப்பட்டான். நான் விடவில்லை.

பிறகு எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து. ஆர்டியை மாட்டி, கேபிளை இணைக்காமலேயே 11 பல்லுக்கு நேர் கீழே மேல் குட்டிச் சக்கரம் நிற்கும்படி எச் திருகு. ஆர்டியைக் கையால் உள்ளே தள்ளி 36-க்கு மேல் ஒரு இம்மிகூடப் போகாதபடி எல் திருகு. 36-இல் இருக்கும்போது குட்டிச் சக்கரத்துக்கும் பல்லுக்கும் நடுவே 5, 6 மி.மீ. இருக்கும்படி பி திருகு. அதற்கப்புறம்தான் கேபிளை விரலால் இழுத்துப் பிடித்து 5 மி.மீ. ஆலன் கீயால் இறுக்கினேன். ஒரு க்ளிக் தட்டி இரண்டாவது பல்லில் வைத்து, செயின் மூன்றாவது பல்லை லேசாக உரசும் வரை உருளையைத் திருகி, சத்தம் அடங்கும் வரை திரும்ப விட்டேன். கால் சுற்றுதான் தேவைப்பட்டது. மற்ற ஏழும் தானாகவே வந்து உட்கார்ந்தன. இரண்டு நாள் திருகியும் அவனுக்குக் கிடைக்காதது இதுதான். திருகுவதில் அவன் குறை வைக்கவில்லை. திருக வேண்டிய நிலையில் சைக்கிள் இல்லை.

போக்ஸ் கம்பிக்கும் கூண்டுக்கும் நடுவே இப்போது விரல் நுனி நுழைந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரவள்ளியில் ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். எழுந்து நின்று, பலம் கொடுத்து, வேண்டுமென்றே 30-க்கும் 36-க்கும் மாற்றி மாற்றித் தட்டச் சொன்னேன். பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு காது கொடுத்துக் கேட்டேன். செயின் ஓடும் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. எழுபதாவது வளைவைத் தாண்டியதும் அவன் சைக்கிளை மைல்கல்லில் சாய்த்துவிட்டு, இடது பக்கம்தான் சாய்த்திருக்கிறேன் என்று எனக்குக் காட்டினான்.

ஒரு தடவை வளைத்து நிமிர்த்திய ஹேங்கர் இனி பழைய பலத்துடன் இருக்காது. மறுபடி கோணினால் நிமிர்த்தக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். 2019-இல் ஸ்ராம் எல்லா ஃபிரேமுக்கும் பொதுவான யூ.டி.எச். ஹேங்கரைக் கொண்டுவந்தது. அதற்கென்று வடிவமைத்த ஃபிரேம் வைத்திருப்பவர்களுக்குக் கவலை இல்லை. இவனுடையது பழைய வகை. ஃபிரேமின் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் ஓட்டை பொருந்தாமல் போகலாம். அதனால் ஹேங்கரைக் கழற்றிக் காகிதத்தில் வைத்து, வெளிக்கோட்டையும் திருகு ஓட்டைகளையும் பென்சிலால் வரைந்து, அந்தப் படத்தை அனுப்பித்தான் வாங்கினோம். இரண்டு வாரத்தில் வந்தது. இப்போது அவன் சீட்டுக்கு அடியில் இருக்கும் பையில், பஞ்சர் சாமானோடு சேர்ந்து கிடக்கிறது.

போன மாதம் வேலைக்காக ஓசூருக்குக் கிளம்பினான். பஸ் ஏறும் முன் ஆர்டியை ஹேங்கரிலிருந்து கழற்றி, குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றி, பின்வீலுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே கட்டி வைத்தான். செயின் பக்கம் மேலே இருக்கும்படி டிக்கியில் படுக்க வைத்துவிட்டு, பெட்டி ஏற்றுபவரிடம், “அண்ணே, இது மேல மட்டும் எதுவும் வெச்சுராதீங்க” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் சீட்டுக்குப் போனான்.